நித்திரை கொள்ள விடாதேங்கோ

கலியாண வீட்டு வீடியோக்காரனுக்கு ஒரு சாபம் உண்டு. ஊரில் உள்ள அத்தனை முகங்களையும் அவன் பிடிப்பான். அவனுடைய முகம் ஒன்றிலும் விழாது. குரல் மட்டும் விழும். "அம்மா, கொஞ்சம் இஞ்சாலை பாருங்கோ", "மாப்பிள்ளை, அவசரப்படாமல் கட்டுங்கோ, ஐயர் ஓட மாட்டார்" என்று கமராவுக்குப் பின்னால் நின்று அவன் கத்துவதெல்லாம் ஒரு சொல் விடாமல் பதியும். பிறகு வீட்டுக்கு வந்து, லப்ரொப்பின் முன்னால் குந்தியிருந்து, அந்தக் குரலைத் தானே வெட்டி எறிந்துவிட்டு, மேலே ஒரு சினிமாப் பாட்டை ஏற்றிக் கொடுத்துவிடுவான். வீடியோக்காரனின் தொண்டையைக் கேட்பதற்கா சனம் கலியாணம் செய்கிறது?

உடுப்பிட்டி மீனாம்பிகையின் மகன் செந்தூரன் அப்படி ஒரு வீடியோக்காரன். வடமராட்சிக் கலியாணங்களில் பாதி தன் மகன் பிடித்ததுதான் என்று மீனாம்பிகை சொல்லித் திரிவாள். தாய் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கொஞ்சம் கணிசமாகத்தான் மிஞ்சும். கலியாண மாதம் வந்தால் அவனுடைய அறையில் லப்ரொப் விடிய விடிய இரைந்துகொண்டிருக்கும். பக்கத்து அறையில் படுத்திருக்கும் மீனாம்பிகைக்கு அந்த இரைச்சல் கேட்டால்தான் கண் அயரும் என்ற அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

"நித்திரை கொள்ளடா. அதையும் நிப்பாட்டிப் போட்டுப் படு."

"நிப்பாட்டேலாதம்மா. இது வேலை செய்யேக்கை இப்பிடித்தான் மூச்சு வாங்கும். நான் நித்திரை கொண்டாலும் இது கொள்ளாது."

அந்தச் செந்தூரன்தான், பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீட்டைப் பிடித்து முடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும் வழியில், வளைவில் வந்த லொறியோடு போய்ச் சேர்ந்தான். கமராவும் போனது, போனும் போனது. அவனும் போனான். இருபத்தேழு வயது.

மரண அறிவித்தலுக்குப் படம் தேடியபோதுதான் வீட்டுக்காரருக்கு அவனுடைய தொழிலின் சாபம் விளங்கியது. படமே இல்லை. கடைசியில் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்தார்கள். அதில் செந்தூரன், களவு போன சைக்கிளுக்கு முறைப்பாடு சொல்ல வந்தவன் மாதிரி நின்றான். போனில் குரலை அனுப்பும் பழக்கமும் அவனுக்கு இருந்ததில்லை. நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிப்போகிறது, இதற்குள் போனிலும் கத்தச் சொல்கிறீர்களா என்பான். 'வாறன்', 'சாப்பிட்டன்' என்று இரண்டு சொல் எழுதி அனுப்புவான், அவ்வளவுதான். ஒருவன் ஒரு வீட்டில் இருபத்தேழு வருடம் வாழ்ந்துவிட்டு இவ்வளவு சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போக முடியுமா என்று மீனாம்பிகைக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

செத்த வீட்டுக்கு வந்தவர்களில் ஜஸ்ரின் என்ற பெடியன் ஒருவன்தான் நேரே செந்தூரனின் அறைக்குள் போனான். அவன் நாவாந்துறையான். செந்தூரனோடு கூடித் தொழில் செய்பவன். அழுது வீங்கிய கண்ணோடு உள்ளே போனவன், மேசையில் லப்ரொப் வெளிச்சத்தோடு திறந்து கிடப்பதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். கலியாண வேலை ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு, திரும்பி வந்து தொடரலாம் என்று செந்தூரன் போயிருந்தான். அதற்குள் ஏதோ ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தபடியால் அது நித்திரைக்குப் போகவில்லை.

"பிரசாந்தி," என்று செந்தூரனின் தங்கையைக் கூப்பிட்டான். "இதின்ரை பாஸ்வேட் ஆருக்கும் தெரியுமோ?"

ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தனைக் கொஞ்ச நேரத்தில் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்.

"அப்ப இதை நிப்பாட்டிப் போடாதை. ஒருக்கா நித்திரை கொண்டால் எழும்பேக்கை பாஸ்வேட் கேக்கும். பேந்து தலைகீழாய் நிண்டாலும் திறக்காது."

பறைச் சத்தத்துக்கும் ஒப்பாரிக்கும் நடுவே அந்த இரண்டு பேரும் லப்ரொப்பின் செற்றிங்கைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றினார்கள். எவ்வளவு நேரத்தில் நித்திரைக்குப் போகவேண்டும் என்று அது கேட்ட இடத்தில், ஒருபோதும் வேண்டாம் என்று போட்டார்கள். மூடியை மூடினால் என்ன செய்யவேண்டும் என்று கேட்ட இடத்தில், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று போட்டார்கள். பிள்ளைகள் கவனமாகத்தான் செய்தார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

போகும்போது ஜஸ்ரின் மீனாம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டான். "அன்ரி, அதை நித்திரை கொள்ள விடாதேங்கோ. அவன் வெட்டாத வீடியோ எல்லாம் அதுக்குள்ளைதான். அவன்ரை குரல் முழுக்கக் கிடக்கு. என்ரை டிஸ்க் நிரம்பிப் போச்சு, இதைக் கொள்ளாது. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வரேக்கை பெரிசொண்டு வாங்கிக்கொண்டு வாறன். எல்லாத்தையும் எடுத்துத் தாறன்."

மீனாம்பிகைக்கு அந்தப் பேச்சில் மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது. குரல் கிடக்கு என்ற சொல் மட்டும் காதுக்குள் நின்றது.

சாம்பல் அள்ளும் காடாத்தும் முடிந்து, சனம் கொஞ்சம் கலைந்த பிறகு, தாயும் மகளும் அறைக் கதவைச் சாத்திவிட்டு லப்ரொப்பின் முன்னால் இருந்தார்கள். பிரசாந்தி விசைப்பலகையில் ஏதோ ஒரு கட்டையை அமத்தினாள். எவருடையதோ கலியாணம். பொம்பிளையின் தாய் கையில் தட்டத்தோடு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் இஞ்சாலை பாருங்கோ."

மீனாம்பிகை திரும்பிப் பார்த்தாள். மகள் இருந்த பக்கம் அல்ல. கதவுப் பக்கம்.

"ஓம், அப்பிடித்தான். கொஞ்சம் சிரியுங்கோ அம்மா. மகளைத்தானே குடுக்கிறியள், வீட்டை இல்லையே."

திரையில் அந்தத் தாய் குலுங்கிச் சிரித்தாள். மீனாம்பிகைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளையை எரித்துவிட்டு வந்த வீட்டில் சிரித்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்கள்? சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னும் கனக்கக் கிடக்கம்மா. போடட்டோ?"

"காணும் பிள்ளை. ஒரேயடியாய்க் கேட்டு முடிக்கக் கூடாது. வைச்சு வைச்சுக் கேப்பம்."

"அப்ப இதை மட்டும் என்ரை போனிலை பிடிச்சு வைக்கட்டோ?"

"அரைகுறையாய் ஏன்? ஜஸ்ரின் வந்து ஒழுங்காய் எடுத்துத் தரட்டும். இனி எனக்கென்ன அவசரம்."

அவசரம் இல்லைத்தான். இனி உள்ள காலம் முழுக்க அந்தக் குரலை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம் என்று அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். அந்தக் கணக்கில்தான் அடுத்த நாள் எழும்பி ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்தாள். ஒரு பிடி சோறும் தின்றாள்.

அதன் பிறகு அவளுடைய பாய் செந்தூரனின் அறையில்தான் விரிந்தது. கரண்ட் போனால் பற்றறி இறங்குவதற்குள் வந்துவிட வேண்டும் என்று நல்லூர் முருகனை நேர்ந்துகொண்டு கிடந்தாள். சாஜர் வயரில் யாரும் கால் தடக்கிவிடாமல் குறுக்கே ஒரு கதிரையைப் போட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தால், கைக்குழந்தை படுத்திருக்கும் வீட்டுக்காரி மாதிரி வாயில் விரலை வைத்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கைக்குழந்தை என்றால் நித்திரை கொள்ளவேண்டும். இது கொள்ளக் கூடாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

"மீனா, நீராவது கொஞ்சம் நித்திரை கொள்ளும்," என்றார் அவள் புருசன் நமசிவாயம். வெங்காயத் தோட்டமும் தண்ணீர்ப் பம்பும் தவிர வேறெதிலும் தலையிடாத மனிதர். மகன் போனதில் இருந்து தோட்டத்துக்கும் போகவில்லை.

"நான் கொண்டால் அதுவும் கொண்டிடுமோ எண்டு பயமாய்க் கிடக்கு," என்றாள் அவள். நமசிவாயம் வயருக்குக் குறுக்கே கிடந்த கதிரையை நேராக்கிவிட்டுப் போனார்.

எட்டுச் செலவன்று காலையில் ஜஸ்ரின் பிரசாந்திக்குப் போன் எடுத்தான். செந்தூரன் பாதியில் விட்டுப்போன கலியாணத்தின் பொம்பிளை கனடாவுக்கு ஏறப்போகிறாளாம். வெட்டி ஒட்டுவதையெல்லாம் அவன் முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறான், கடைசியாக அதை ஒரே வீடியோவாக ஆக்கி எடுக்கவேண்டும், அவ்வளவுதான். எந்த இடத்தில் அமத்துவது என்று சொல்லித் தந்தான். "அமத்திப்போட்டு விடு. நான் டிஸ்க்கும் வாங்கிக்கொண்டு வாறதுக்கிடையிலை முடிஞ்சிடும். அவன் ஏற்ற கடைசி வேலை, அவன்ரை மெசினிலையே முடியட்டும்."

பிரசாந்தி அமத்தினாள். லப்ரொப் மெல்ல மூச்சு வாங்கத் தொடங்கியது. குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மீனாம்பிகைக்கு அது கேட்டது. பழகிய சத்தம். துருவலை எடுத்த கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

அவர்களுடைய வீட்டு வழக்கம் இப்படி. எட்டுச் செலவன்று செத்தவர் ஆசைப்பட்டுத் தின்றது எல்லாவற்றையும் சமைத்து, அவர் புழங்கிய அறையிலே வாழையிலையில் படைப்பார்கள். சாம்பிராணி போட்டு, கர்ப்பூரம் காட்டி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போகும்வரை கதவைத் திறக்கக் கூடாது. பசியோடு வந்தவரை எட்டிப் பார்த்து எழுப்பிவிட்ட பாவம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்தக் காரியங்களுக்கெல்லாம் பொறுப்பு, நமசிவாயத்தின் தமக்கை இராசமலர். எந்தச் செத்த வீட்டிலும் அழவேண்டிய நேரத்தில் அழுது, அடுத்த நிமிடம் உப்புப் பார்க்கக்கூடிய மனுசி. நண்டுக் கறி, இடியப்பம், சொதி, அவன் விரும்பித் தின்னும் கடலை வடை எல்லாம் இலைக்கு வந்த பிறகு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படையலைப் பார்த்தாள்.

"சாப்பாடு சரி. அவன் ஆசைப்பட்டுப் புழங்கின சாமான் ஒண்டும் காணேல்லையே, மச்சாள்?"

கமரா இல்லை. போன் இல்லை. மீனாம்பிகையின் கண் மேசைக்குப் போனது. வேறெங்கே போகும்?

"நிப்பாட்டேலாது மச்சாள். அது வேலையிலை நிக்குது."

"ஆர் நிப்பாட்டச் சொன்னது? அப்பிடியே கொண்டு வந்து வையும். ஆனால் சாம்பிராணிப் புகை படும், மூடி வையும்."

மீனாம்பிகை மகளைப் பார்த்தாள்.

"மூடலாம் அம்மா. மூடினாலும் நிக்காமல்தானே செற்றிங்கை மாத்தினனாங்கள்," என்றாள் பிரசாந்தி. அதைச் சொல்லும்போது அவளுக்குள் சின்னதாக ஒரு பெருமைகூட இருந்தது.

வெறும் நிலத்தில் வைக்க மீனாம்பிகைக்கு மனம் வரவில்லை. செந்தூரனின் தலையணையை எடுத்து இலைக்குப் பக்கத்தில் போட்டாள். வயரைக் கழற்றாமல், லப்ரொப்பை இரண்டு கையாலும் தூக்கிவந்து தலையணையில் கிடத்தினாள். மூடியை மெல்ல மூடினாள். அவனுடைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்து அதன் மேல் போட்டு, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் செருகிவிட்டாள். மழைக்குளிரில் படுத்திருக்கும் பிள்ளைக்குப் போர்த்துவிடுவது போலப் போர்த்தினாள். உள்ளே அது இரைவது கைக்குத் தெரிந்தது. கையை எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கதவைச் சாத்தினார்கள்.

ஆண்கள் எல்லாரும் நமசிவாயத்தோடு முற்றத்துப் பந்தலில் இருந்தார்கள். பெண்கள் விறாந்தையில், கதவைப் பார்த்தபடி சத்தமில்லாமல் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இரைச்சல் கூடத் தொடங்கியது. முதலில் ஒரு முனகல். பிறகு ஒரே மூச்சாக, இறக்கமே இல்லாமல் ஏறிக்கொண்டு போனது. அது லப்ரொப்பின் உள்ளே சுற்றும் சின்னக் காற்றாடி, காற்று இல்லாத இடத்தில் காற்றுக்கு அந்தரப்பட்ட சத்தம். விறாந்தையில் இருந்த ஒருவருக்கும் அது அப்படிக் கேட்கவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இராசமலர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

மீனாம்பிகை கதவடிக்கு நகர்ந்து இருந்தாள். இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா? விடிய விடிய எத்தனை வருடம் கேட்ட சத்தம்? மகன் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு வேலையில் இருக்கும்போது வருகிற சத்தம். சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு முதலில் வேலையில் குந்திவிட்டான், அவனுடைய புத்தி அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

பிரசாந்தி எழும்பினாள். "அம்மா, இது கனக்க இரையுது. சூடாகுதோ தெரியேல்லை. ஒருக்காத் திறந்து பாப்பம்."

மீனாம்பிகை அவளுடைய கையை எட்டிப் பிடித்தாள். வளையல் அழுந்துகிற பிடி.

"இரு பிள்ளை."

"அம்மா..."

"கதவைத் திறக்காதை. அண்ணை வேலை செய்யிறான்."

பிரசாந்தி தாயின் முகத்தைப் பார்த்தாள். செத்த வீடு தொடங்கியதிலிருந்து அந்த முகத்தில் காணாத ஒரு வெளிச்சம் அப்போது இருந்தது. அதைப் பார்த்த பிறகு எந்தப் பிள்ளையால் கதவைத் திறக்க முடியும்? அவள் இருந்துவிட்டாள். அந்த இருப்புக்காக அவள் தன்னை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் அதைத் தாய்க்கு ஒருநாளும் சொல்லவுமில்லை.

இரைச்சல் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பாடிவிட்டு, சட்டென்று அறுந்தது.

"சாப்பிட்டு எழும்பிட்டான் போலை," என்றாள் இராசமலர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கதவைத் திறந்ததும் சாம்பிராணியையும் நண்டுக் கறியையும் தாண்டி வேறொரு மணம் முகத்தில் அடித்தது. வேட்டியின் நடுவே மங்கலாகப் பழுப்பு ஏறியிருந்தது. மீனாம்பிகை அதை உருவி எறிந்துவிட்டு லப்ரொப்பைத் தூக்கினாள். அடுப்பில் இருந்து இறக்கிய தாச்சி மாதிரிச் சுட்டது. விடாமல் பிடித்திருந்தாள். அடியில் இருந்த றப்பர்க் கால்கள் தலையணை உறையோடு இளகி ஒட்டிப்போயிருந்தன. மூடியைத் திறந்தாள். கறுப்பு. பிரசாந்தி அமத்தாத கட்டை இல்லை. கறுப்பாகவே இருந்தது. இலையில் வைத்தது எல்லாம் வைத்தபடி கிடந்தது.

ஓடுகிற தண்ணீர்ப் பம்பைச் சாக்கால் மூடக் கூடாது என்று மீனாம்பிகைக்குத் தெரியும். மூடிய ஒரு கூலிக்காரனை அவளே ஒருநாள் வரம்பில் நின்று ஏசியிருக்கிறாள். அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா?

ஜஸ்ரின் வந்தபோது அவனுடைய கையில் புதிய டிஸ்க் உறை பிரிக்காமல் இருந்தது. அவன் அறைக்குள் வர முந்தியே பிரசாந்தி சொன்னாள்.

"கரண்ட் கூடிக் குறைஞ்சது, ஜஸ்ரின் அண்ணை. அதிலைதான் போயிட்டுது."

"ஓமடா தம்பி, நாசமாய்ப் போன கரண்ட்," என்றார் பின்னால் வந்த நமசிவாயம். அவர் அதை நம்பிவிட்டார். பொய் சொல்லிப் பழகாத மகள் சொல்வதை ஏன் நம்பாமல் இருக்கவேண்டும்?

ஜஸ்ரின் லப்ரொப்பைப் புரட்டி அடியைப் பார்த்தான். தலையணையைப் பார்த்தான். சுருட்டி எறிந்து கிடந்த வேட்டியையும் பார்த்தான். பிறகு, "ஓம், அப்பிடியும் நடக்கும்," என்று மட்டும் சொன்னான். யாழ்ப்பாணத்தில் திருத்துகிற ஆள் ஒருவர் இருக்கிறார், கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று லப்ரொப்பைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து மீனாம்பிகை வாசல் படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் திரும்பி வந்த நாள், அவள் கிணற்றடியில் அந்தத் தலையணை உறையைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு அடையாளம் போகவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்த சவர்க்காரத்தைக் கல்லில் வைத்தாள்.

"கொழும்புக்கும் அனுப்பிப் பாத்தம் அன்ரி. எல்லாம் உள்ளுக்கை மதர்போட்டோடை ஒட்டி வாற சிப்பிலை கிடக்கிறது. கழட்டி வேறை ஒண்டிலை போட ஏலாதாம். சூட்டிலை அது பழுதாய்ப் போச்சு." தலையைக் குனிந்துகொண்டான். "சூடு கூடினால் தன்பாட்டிலை நிண்டிருக்க வேணும். பழைய மெசின், உள்ளுக்கை தூசி. மூடினவுடனை நித்திரை கொண்டிருந்தாலும் தப்பியிருக்கும். நான்தானே கொள்ள விடாமல் பண்ணினனான். நான்தானே அண்டைக்கு வேலையையும் ஏத்திவிட்டனான்."

"கரண்டாலை இல்லைத் தம்பி," என்றாள் மீனாம்பிகை.

"தெரியும் அன்ரி."

"நான்தான் போத்து மூடினனான். பிரசாந்தி திறப்பம் எண்டவள். நான் கையைப் பிடிச்சு இருத்திப் போட்டன்." கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டாள். "அவன் வந்திட்டான் எண்டு நினைச்சனான். சந்தோசமாய்க் கிடந்தது தம்பி எனக்கு. அது அவன் போற சத்தம் எண்டு எனக்குத் தெரியேல்லை."

ஜஸ்ரின் கிணற்றுத் துலாவின் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றான். மீனாம்பிகை ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"நீயும் கலியாண வீட்டிலை அப்பிடித்தானே கூப்பிடுறனி? இஞ்சாலை பாருங்கோ எண்டு."

"ஓம் அன்ரி. நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான்."

"ஒருக்காச் சொல்லன்."

அவன் திகைத்தான். அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, தோட்டத்தைப் பார்த்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வேறு வழி இல்லாமல் அவன் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, கொஞ்சம் இஞ்சாலை பாருங்கோ."

சொல் அதேதான். இழுவையும் அதேதான், இரண்டு பேரும் ஒரு தொழிலில் ஒன்றாகப் பழகிய இழுவை. ஒரு பிழையும் இல்லாமல்தான் சொன்னான்.

மீனாம்பிகை திரும்பவில்லை. அது ஜஸ்ரினின் குரலாகவே இருந்தது.